பக்கத்து வீட்டுக்காரரின் புடாபெஸ்ட்

எங்கள் ஆக்கள் ஊர் பார்க்கவென்று எங்கும் போவதில்லை. லண்டனுக்குப் போனால் கலியாணம், டொரொன்டோவுக்குப் போனால் செத்தவீடு, பாரிஸுக்குப் போனால் யாரோ ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. போய் இறங்கியதும் சொந்தக்காரரின் வரவேற்பறையில் இருந்து, அவர்கள் போட்டுத் தருகிற தேத்தண்ணியைக் குடித்து, ஊரில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று கதைத்துவிட்டுத் திரும்பவும் விமானம் ஏறுவோம். ஈபிள் கோபுரத்தை நான் பார்த்தது மண்டபத்துக்குப் போகிற வழியில், கார் யன்னலுக்குள்ளால்தான். அப்படிப்பட்ட நான், ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஓர் ஐரோப்பியத் தலைநகரில் ஐம்பது வயதுக்குப் பிறகு போய் இறங்கினேன் என்றால், அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் பாதைக்கு அருகே எங்கள் மரவீட்டுக்கும் அவருடைய மரவீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. நாங்கள் வீடு வாங்கி வந்த அன்றே ஏணியோடு வந்து நின்றார். கூரைப் பீலியில் இலை அடைந்துபோய்க் கிடக்கிறது என்று சொல்லி, எங்களிடம் கேட்காமலே ஏறித் துப்புரவாக்கிவிட்டு இறங்கினார். உழைத்த காலம் முழுக்க ஆக்லாந்தில் பஸ் ஓட்டியவர். ஹங்கேரியில் பிறந்தவர். சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்த வருடம், பதினாறு வயதில் எல்லை கடந்து, ஆஸ்திரியாவில் அகதிமுகாமில் இருந்து, கப்பலில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். இவ்வளவும் எனக்குத் தெரியும். நாங்களும் அகதியாக அலைந்து வந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். இதற்கு மேல் அவர் என்னைக் கேட்டதில்லை, நானும் அவரைக் கேட்டதில்லை. இலையுதிர் காலத்தில் அவர் வளவு ஃபீஜோவா மரம் பழம் கொட்டும். பை நிறைய அள்ளி வேலிக்கு மேலால் நீட்டுவார். நான் பாபடோயிட்டோய் இந்தியக் கடையில் வாங்கிய மிக்சர்ப் பக்கற்றைத் திருப்பி நீட்டுவேன். உறைப்பு அவருக்குப் பிடிக்கும்.

அப்படி ஒரு பழக் காலத்துக் காலையில் நான் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் வேலிக்கு அங்கால் நின்று ஏதோ சொன்னார். விளங்கவில்லை. என்ன என்று கேட்டேன். திரும்பச் சொன்னார். ஒழுங்கான, நீளமான வசனம். ஆனால் அதில் ஒரு சொல் கூட ஆங்கிலம் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தபோது அவர் வாயின் வலது ஓரம் கீழே இழுபட்டிருந்தது. நான் முதியோர் இல்லத்தில் நேர்ஸாக வேலை செய்கிறேன். கையிலிருந்த உடுப்பைப் போட்டுவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன்.

மூளையில் அடைப்பு. உயிர் தப்பினார். வலது கை கொஞ்சம் சோர்ந்தது, நடை மெதுவானது. ஆங்கிலம் மட்டும் திரும்பி வரவில்லை. சிலருக்கு அப்படி நடக்கும் என்று டாக்டர் சொன்னார். பிந்திப் படித்த மொழி போய்விடும், முதல் மொழி தங்கிவிடும். எங்கள் இல்லத்திலும் பார்த்திருக்கிறேன். சமோவாக்காரி ஒருத்தி, குரோவேஷியாக்காரர் ஒருவர். நாங்கள் அவர்களுக்குத் தலையாட்டுவோம், கையைப் பிடிப்போம், அடுத்த அறைக்குப் போய்விடுவோம். வேறென்ன செய்ய?

அவருக்கு ஒரே மகள். இதே நகரத்தில் எப்சமில் இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியை, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். தாய் இந்த நாட்டுக்காரி, சில வருடங்களுக்கு முன் இறந்துபோனார். மகளுக்குத் தகப்பனின் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். கருவியை ஒருதரம் காதில் வைத்துவிட்டுக் கட்டிலில் வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் பேசுவது குறைந்துகொண்டே போனது. மகள் கிழமையில் நாலு நாள் வந்து சமைத்து வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருப்பாள். டாக்டர் சொல்லியும், அவருடைய மூளையே குழம்பிவிட்டது என்று அவள் நம்பினாள். சில நாள் போகும்போது எங்கள் படியில் இருந்து என்னிடம் அழுவாள்.

ஒருநாள் வந்தவள் அழவில்லை. அப்பா நடக்கக்கூடியதாக இருக்கும்போதே புடாபெஸ்டுக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்றாள். அங்கிருந்து வந்தபின் அவர் ஒருதரமும் திரும்பிப் போனதில்லை. ஆனால் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, அவ்வளவு நீள விமானப் பயணம், இதெல்லாம் தனியாகச் செய்யத் தனக்குப் பயமாக இருக்கிறது, நீ கூட வருவாயா என்று கேட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "போட்டு வாரும். ஒருத்தற்றை வீட்டு விசேஷமும் இல்லாமல் நீர் ஒரு ஊருக்குப் போனதா எனக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

"அந்த மனுசனை அங்க கொண்டுபோய் ஏதும் ஆச்செண்டால்?"

"இஞ்ச இருந்தாலும் ஆகும்தானே."

பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் மகன் நிமிர்ந்து பார்த்து, நல்ல சாப்பாடு கிடைக்கிற ஊராம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவன் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். நாங்கள் தமிழில் கேட்போம். இங்கே முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். அதை நாங்கள் ஒரு குறையாகக் கதைப்பதையும் விட்டுவிட்டோம்.

செப்ரெம்பரில் போனோம். விமானத்தில் அவர் நித்திரை கொண்டதும் யன்னலைப் பார்த்ததும்தான். புடாபெஸ்டில் இறங்கிக் கடவுச்சீட்டு வரிசையில் நின்றபோது நானும் மகளும் அவருக்கு இரண்டு பக்கமும் காவல் மாதிரி நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி அவருடைய நியூசிலாந்துக் கடவுச்சீட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அந்த மொழியில் ஏதோ கேட்டான். அவர் பதில் சொன்னார். அதிகாரி சிரித்து இன்னொன்று கேட்டான். அதற்கும் பதில் சொன்னார். மகள் தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதக் கணக்காக ஒருவரும் அவரிடம் ஒன்றைக் கேட்டு, அவர் பதில் சொல்லி, அதற்கு அவர்கள் மறுபதில் சொன்னதை நாங்கள் பார்த்திருக்கவில்லை.

என்ன சொல்கிறார் என்று மகள் அதிகாரியிடம் கேட்டாள்.

"வரிசை நீளமாம். தன்னுடைய காலத்திலும் இப்படித்தானாம்" என்றான் அவன் ஆங்கிலத்தில்.

மகள் ஒழுங்கான ஆள். எந்தெந்த நாளில் எதை எதைப் பார்ப்பது என்று வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். முதலில் நாடாளுமன்றம். டான்யூப் ஆற்றங்கரையில் வெள்ளையும் சாம்பலுமாக, கூரை முழுக்க ஊசிக் கோபுரங்களோடு நிற்கிறது. உள்ளே படிக்கட்டெல்லாம் பொன் பூச்சு. நடுமண்டபத்தில் ஒரு பழைய மணிமுடியைக் கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் வாளோடு இரண்டு சிப்பாய்களை நிறுத்தியிருக்கிறார்கள். முடியின் உச்சியிலுள்ள சிலுவை ஒருபக்கம் சரிந்திருக்கிறது. யாரோ எப்போதோ பெட்டி மூடியை அவசரத்தில் மூடியதில் வளைந்ததாம். வளைந்தபடியே மரியாதையாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் முடியைப் பார்க்கவில்லை. அசையாமல் நின்ற சிப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாசலில் கோட்டு வாங்கி வைக்கிற பெண்ணிடம் போய்க் கதைத்துக்கொண்டு நின்றார்.

சங்கிலிப் பாலமும் அப்படித்தான். மகள் அவரைக் கல் சிங்கத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். ஆற்றுக்கு அப்பால் மலையில் மாளிகை, தேவாலயத்தின் நிறக் கூரை ஓடுகள், கீழே மஞ்சள் டிராம். நான் மன்னாரில் கடல் பார்த்து வளர்ந்தவள். நகரத்தின் நடுவே அவ்வளவு பெரிய ஆறு ஓடுவதைப் பார்க்க மனதுக்கு என்னவோ செய்தது. வடிவான ஊர். ஆனால் கட்டடங்களின் சுவர்களில் இன்னும் குண்டு பட்ட குழிகள் இருக்கின்றன. பூசி மறைக்காமல் சிலதை விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழிகளை நான் அடையாளம் காணுவேன். அவரும் ஒரு சுவருக்கு முன் நின்று, சோர்ந்த கையின் விரலை ஒரு குழிக்குள் வைத்துப் பார்த்தார். மகள் முன்னால் போய்விட்டாள். அவளுக்கு அது பழைய சுவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் முதல்நாள் பெரிய பொன் தூண் வைத்த காப்பிக் கடைக்குக் கூட்டிப் போனாள். அவர் பாதி கேக்கோடு வைத்துவிட்டார். அடுத்த நாள் தங்குமிடத்துக்குத் திரும்பும்போது ஒரு சந்துக்குள் தானாகவே திரும்பினார். சின்னச் சாப்பாட்டுக்கடை. நாலைந்து மேசை, கட்டம் போட்ட விரிப்பு, தெரியாத ஆட்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். மத்தியானம் மட்டும்தான் திறப்பார்கள். அவர் கதிரையை இழுத்து இருந்து, சுவர்ப் பலகையில் எழுதியிருந்ததைப் படித்து, எங்கள் மூவருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொன்னார். நாங்கள் சின்னப்பிள்ளைகள் மாதிரி என்ன வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குக் கீரையைக் கடைந்து மேலே முட்டைப் பொரியல் வைத்து வந்தது. எங்கள் கீரைக்கறியில் தேங்காய்ப்பாலுக்குப் பதில் மாவும் பாலும் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. மகளுக்குப் புளிச் செர்ரிப் பழத்தில் செய்த குளிர்ந்த சூப். அவருக்குச் சிவப்பு மிளகாய்த்தூள் போட்ட ஆற்று மீன் குழம்பு. பாணைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் அவர் ஒரு கோப்பையை வெறுமையாக்கியதை அன்றுதான் கண்டேன்.

கடையை நடத்துகிறவள் நாற்பது வயதுப் பெண். முன்பு சில வருடம் லண்டனில் ஹோட்டல் வேலை செய்தவளாம், ஆங்கிலம் நன்றாக வந்தது. அவரோடு போகிறபோது வருகிறபோதெல்லாம் ஏதோ கதைத்தாள். கிளம்பும்போது மகள் அவளிடம் நன்றி சொல்லி, அப்பாவுக்கு மூளையில் அடைப்பு வந்தது, அதனால் குழம்பிப் பேசியிருப்பார், பொறுத்துக்கொள் என்றாள்.

அந்தப் பெண் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தாள். "உங்கள் அப்பா குழம்பவில்லையே. கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார், அவ்வளவுதான். மீனில் பூண்டு கூடிவிட்டது என்றார். உண்மைதான்."

தங்குமிடத்தில் படியேறும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மாதமும் அவர் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார், நான்தான் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன் என்றாள். வேலை செய்கிற இடத்தில் நான் தலையாட்டிவிட்டு வந்த அறைகள் எனக்கும் நினைவுக்கு வந்தன.

அருங்காட்சியகத்துக்குப் போனது மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. நகரத்தின் கதையைச் சொல்கிற அருங்காட்சியகம். ராசாக்களின் அறைகளை அவர் நிற்காமல் கடந்தார். துருக்கியர் காலம், பேரரசர் காலம் எல்லாவற்றையும் கடந்தார். மேல்மாடியில் போருக்குப் பிந்திய காலத்துச் சாதாரண வீட்டுக் குசினி ஒன்றை அப்படியே அமைத்து வைத்திருந்தார்கள். எனாமல் வாளி, கரியடுப்பு, எண்ணெய்த்துணி விரித்த மேசை. அவர் கயிற்றுக்கு மேலால் எட்டி அந்த மேசையைத் தொட்டார். மூலையில் கதிரையில் இருந்த காவல்பெண் எழுந்து வந்து கண்டிப்பாக ஏதோ சொன்னாள். அவர் அவளிடம் தணிந்த குரலில் கதைக்கத் தொடங்கினார். அவள் முகம் மாறியது. தன் கதிரையைக் கொண்டுவந்து அவரை இருத்தினாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு நின்று கேட்டாள். சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

முடிந்தபின் மகள் அவளிடம் போய், என்ன சொன்னார் என்று கேட்டாள். காவல்பெண்ணுக்கு ஆங்கிலம் போதாது. சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. கடைசியில், "சிஸ்டர்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுத் தலையை ஆட்டிவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பினாள்.

தகப்பனுக்கு ஒரு சகோதரி இருந்தாள் என்பது மகளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த நாள் சாப்பாட்டுக்கடையில் கூட்டம் கலையும்வரை காத்திருந்தோம். மகள் கடைக்காரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் கதவில் மூடியாயிற்று என்ற பலகையைத் திருப்பிவிட்டு, ஏப்ரனோடு வந்து எங்கள் மேசையில் இருந்தாள். அவரிடம் கேட்டாள். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, அவள் ஆங்கிலத்தில் சொல்லும்வரை பொறுத்து, அடுத்ததைச் சொன்னார். பஸ்ஸை ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்துகிற மாதிரி.

தகப்பன் உலகப் போரிலிருந்து திரும்பவில்லை. தாய் சலவை வேலை. அவரை வளர்த்தது அக்கா. ஆறு வயது மூத்தவள், துணி ஆலையில் வேலை செய்தவள். டாங்கிகள் வந்தபோது தாய் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தெருவில் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கா ஒருநாள் அவருக்கு இரண்டு சட்டையை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு, மேற்கே போகிற ரயிலில், அதே கட்டடத்தில் குடியிருந்த ஒரு குடும்பத்தோடு ஏற்றிவிட்டாள். அம்மா எழும்பியதும் இரண்டு பேருமாக வருகிறோம் என்றாள். அவர் நடந்து எல்லையைக் கடந்தார். கொஞ்ச நாளில் எல்லையைப் பூட்டிவிட்டார்கள். தாய் அந்தக் குளிரிலேயே போய்விட்டாள். அக்காவைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தும் அதிக காலம் இருக்கவில்லை. இது அவருக்குத் தெரியவந்தபோது அவர் ஆக்லாந்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் முடிந்திருந்தது. மகள் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தாள்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரயிலுக்குப் பதில் வள்ளம் என்று போட்டால் அது மன்னாரில் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கதை. எனக்குக் கண்ணீர் வரவில்லை. இது பழகிய கனம்.

மகள் மேசை விரிப்பின் கட்டங்களையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு நிமிர்ந்து, கடைக்காரியைப் பார்க்காமல், நேரே தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் எனக்கு உங்கள் மொழியைச் சொல்லித் தரவில்லை?"

கடைக்காரி அதை மெதுவாகச் சொன்னாள். அக்காவின் நினைவு வரும் என்பதால் என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரி தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"உன் அம்மாவுக்கு அது தெரியாது. நீயும் நானும் அதில் பேசினால், அந்த வீட்டில் அவள் தனியாக இருந்திருப்பாள் என்கிறார்."

அவர் இன்னும் ஏதோ சேர்த்தார்.

"அதோடு, வேலை முடிந்து வரும்போது களைத்துப் போயிருப்பாராம்."

மகள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. அவர் சோர்ந்த கையை மேசைக்கு மேலால் நகர்த்தி அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். கடைக்காரி எழுந்து போய் நாங்கள் கேட்காமலே காப்பி கொண்டுவந்தாள்.

கடைசி நாள் பார்க்க வேண்டியது என்று மகள் யோசித்து வைத்திருந்தவற்றை அவளே விட்டுவிட்டாள். வெந்நீர்க் குளியல் மண்டபமும் இல்லை, ஓவிய மண்டபமும் இல்லை. அவர் போகிற பக்கம் போனோம். பெரிய வீதிக்குப் பின்னால் ஒரு தெரு. கறுத்த கட்டடம். கீழே கைப்பேசி திருத்துகிற கடை. யாரோ உள்ளே போகும்போது திறந்த பெருங்கதவால் நாங்களும் போனோம். உள்ளே முற்றம், சுற்றிவர ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கிராதி போட்ட நீள விறாந்தை, அதில் வீட்டுக் கதவுகள். பூச்சாடிகள், ஒரு சைக்கிள், காயப் போட்ட துவாய்கள்.

அவர் முற்றத்தின் நடுவில் போய் நின்று மேலே பார்த்தார். தலையைப் பின்னுக்குச் சரித்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். ஒருதரம்தான். பெலமான குரல். அந்த உடம்பிலிருந்து அவ்வளவு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. விளையாடிவிட்டு வந்த பிள்ளை கீழே நின்று, கதவுத் திறப்பைக் கீழே போடு என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. யாரும் சொல்லாமலே அது யாருடைய பெயர் என்று எனக்கு விளங்கியது.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்து கிராதியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிப் பதில் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மறந்துபோய்க் கூப்பிட்டாரா என்று அவளுக்குப் பயம். நான் இல்லை என்று தலையாட்டினேன். மறதியில் கூப்பிடுகிறவர்களை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இவர் காத்திருக்கவில்லை. கூப்பிட்டு முடித்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து, வாசலை நோக்கித் திரும்பினார்.

ஆக்லாந்துக்குத் திரும்பியபின் மகள் விசாரித்து விசாரித்து, நகரத்தின் வடகரையில் இருந்த ஹங்கேரிக்காரப் பெண்மணி ஒருவரைக் கண்டுபிடித்தாள். கிழமைக்கு ஒருதரம் அவர் வருவார். மூன்று பேரும் பின்வளவில் கதிரை போட்டு இருப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவருடைய குரல், அந்தப் பெண்மணியின் குரல், இடையிடையே தட்டித் தடவி மகளின் குரல். பிழையாகச் சொன்னால் அவர் விடமாட்டார். ஒரே சொல்லை நாலைந்து தரம் சொல்ல வைப்பார். பஸ்ஸில் தவறான சில்லறை கொடுத்தவர்களையும் அப்படித்தான் நடத்தியிருப்பார்.

நானும் வேலையில் ஒன்றை மாற்றினேன். அந்தச் சமோவாக்காரியின் பேத்தியைக் கூப்பிட்டு, பாட்டியிடம் கேட்கக்கூடிய கேள்விகள் சிலவற்றைச் சொல்லித் தரச் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு அந்த மனுசி முகத்தைச் சுளிப்பார். ஆனால் பதில் சொல்வார். பதில் எனக்கு விளங்காது. விளங்காவிட்டாலும் முடியும்வரை நின்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்குத் திரும்பவும் அடைப்பு வந்தது. இந்தமுறை ஹங்கேரி மொழியும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். நான் வேலை முடிந்து போகும்போதெல்லாம் மகள் கட்டிலோரம் இருந்து, தனக்குத் தெரிந்த வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் இங்கே இருக்கிறேன். வெளியே மழை பெய்கிறது. மீனில் பூண்டு கூடிவிட்டது. அர்த்தத்துக்காக அல்ல, சத்தம் அவர் காதுக்குள் போகட்டும் என்றுதான். அவர் கண் மூடியே இருந்தது. ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், அமைதியாகப் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு அதிகம் பேர் வரவில்லை. பழைய பஸ் சாரதிகள் நாலைந்து பேர், அந்த ஹங்கேரிப் பெண்மணி, நாங்கள் மூவரும். மகள் கையில் காகிதம் ஒன்றும் இல்லாமல் எழுந்து நின்று, தகப்பனின் மொழியில் மூன்று வசனம் பேசினாள். பிறகு அத்தையின் பெயரைச் சொல்லி, அவளையும் இன்று நினைத்துக்கொள்வோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

திரும்பி வரும்போது மகன் கார் ஓட்டினான். கணவர் பின்னால் இருந்தார். மகன் கொஞ்சத் தூரம் ஓடியபின், "அம்மா, உங்களுக்கும் அப்படி ஆங்கிலம் போய்விடலாம் என்று யோசித்திருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம், யோசிச்சிருக்கிறன்" என்றேன்.

"அப்படி வந்தால் நான் உங்களிடம் என்ன கேட்கவேண்டும்?"

அது நேர்ஸிடம் கேட்கிற கேள்வியாக எனக்குப் பட்டது. அதனால் நேர்ஸாகவே பதில் சொன்னேன். முதலில் நோவு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். தண்ணீர், கழிப்பறை, குளிர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்க நான் வாய் திறக்குமுன்பே, வீதியைப் பார்த்தபடி, அவன் கேட்டான்.

"நோகுதோ?"

சரியாகச் சொன்னான். எங்களூர் ஓசை, கடைசி எழுத்தின் இழுவை, எல்லாம் சரியாக இருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

சின்ன வயதில் தான் விழுந்தபோதெல்லாம் நான் அதைத்தானே கேட்டேன் என்றான்.

பின்னாலிருந்து கணவர் யன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். மழை வாசம் வந்தது. மவுண்ட் ஆல்பர்ட் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. மகன் மெதுவாகக் காரை நிறுத்தினான்.